இரண்டு கிலோ முந்நூறு கிராம் பிள்ளையார்

தங்கச்சி நிலுஷா,

உங்கள் வீட்டுத் தேத்தண்ணிக்குச் சீனி கொஞ்சம் கூட. இதை நான் உங்கள் அம்மாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. போன வீட்டில் தந்ததைக் குறை சொல்லாமல் குடிக்க வேண்டும் என்றுதான் என்னை வளர்த்தார்கள். இரண்டு தரம் உங்கள் வீட்டுக்கு வந்தேன். இரண்டு தரமும் கப்பின் அடி தெரியும்வரை குடித்தேன்.

உங்கள் மின்னஞ்சலை நிதானமாக வாசித்தேன். டெனிஷ் அழகாக எழுதுகிறீர்கள், என்னைவிட நன்றாக. அப்பாவின் பைலைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்திருக்கிறீர்கள். அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதில் நான் எழுதிய ஒரு குறிப்பும் நான் எடுத்த ஒரு புகைப்படமும் இருக்கின்றன. தோளில் அடிபட்ட பிறகு அப்பா சிரித்துக்கொண்டிருக்கும் படம் அது ஒன்றுதான் என்று எழுதியிருந்தீர்கள். வாசிக்கச் சந்தோஷமாக இருந்தது. வெளிச்சம் சரியாக விழ வேண்டும் என்று அன்றைக்கு நான் கொஞ்சம் மினக்கெட்டேன்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. தலைமயிர் வாரி இழுக்கக்கூட உயர்த்த முடியாத கையை அப்பா எப்படி அவ்வளவு உயரத்துக்குத் தூக்கினார், தமிழில் அவரிடம் என்ன சொன்னீர்கள் என்று. அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், பதிலைத் தமிழில் எழுதுங்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். உண்மையைச் சொன்னால், இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று ஒரு வருடமாக இருந்துவிட்டேன்.

என்னை உங்களுக்குச் சரியாகத் தெரியாது. நான் வந்த நேரங்களில் நீங்கள் ஓர்ஹூஸ் நகரில் படித்துக்கொண்டிருந்தீர்கள். என் பெயர் சயந்தினி. ஓல்போர்க்கில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் வேலை விபத்துப் பிரிவில் பதினொரு வருடமாக இருக்கிறேன். வேலைத்தளத்தில் ஒருவருக்கு அடிபட்டால் அவருடைய பைல் எங்களிடம் வரும். வைத்தியர் எழுதியது, முதலாளி எழுதியது, அடிபட்டவர் சொன்னது எல்லாவற்றையும் சேர்த்து, எங்கள் கருத்தையும் வைத்து, முடிவெடுக்கும் அரசாங்க அலுவலகத்துக்கு அனுப்புவோம். முடிவு எங்களுடையது இல்லை. இந்த வசனத்தை அம்மாவுக்கு ஆறுதலாக நிறுத்தி வாசியுங்கள்.

அப்பாவின் பைல் வருவதற்கு முந்தின வருடம் எங்கள் பிரிவைச் சுருக்கினார்கள். வேலை விபத்து நிபுணர் என்ற சான்றிதழ் வைத்திருப்பவர்கள் மட்டும்தான் இனிப் பைல் பார்க்கலாம், மற்றவர்கள் தொலைபேசிக்குப் போக வேண்டும் என்று அறிவித்தல் வந்தது. தொலைபேசி என்றால் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஊராரிடம் ஏச்சு வாங்குவது. சான்றிதழுக்கு நான்கு பாகம். சட்டம், மருத்துவம், மதிப்பீடு மூன்றிலும் எனக்கு நல்ல புள்ளி. நாலாவதில்தான் இரண்டு தரம் கோட்டை விட்டேன். அந்தப் பாகத்துக்குப் புத்தகம் கிடையாது. நாங்களே கண்ணால் கண்ட ஏதோ ஒன்று ஒரு வழக்கின் போக்கை மாற்றியிருக்க வேண்டும். அதை எழுதிக் கொடுத்து, மூன்று பேருக்கு முன்னால் நின்று விளக்க வேண்டும். இரண்டாவது தரம் வந்த முடிவில் ஒரு வரி இருந்தது. ‘இவர் தாள்களை நன்றாக வாசிக்கிறார்; மனிதர்களைப் பார்க்கத் தெரியவில்லை.’

எனக்கு நாலு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அந்த வரியை எழுதியவரை நான் வெறுத்தேன். மனிதர்களைப் பார்க்கத் தெரியாதாம். வீட்டுக்கு வந்த மாமிமாரின் முகத்தைப் பார்த்தே யாருக்கு யாரில் கோபம் என்று கண்டுபிடிக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். மூன்றாவது தரம் தவறினால் அதோடு சரி.

அந்த நேரம்தான் உங்கள் அப்பாவின் பைல் வந்தது. என் மேலாளர் கிர்ஸ்டன் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "நீயும் தமிழ்தானே, உனக்கு லேசாக இருக்கும்" என்றாள். அவளுக்கு யாழ்ப்பாணமும் ஒன்றுதான், மட்டக்களப்பும் ஒன்றுதான். மாமாங்கம், வயது ஐம்பத்தெட்டு, ஹோர்சன்ஸில் யன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடம். அடுக்கியிருந்த சட்டங்கள் சரிந்து விழுந்து வலது தோளின் தசைநார் அறுந்தது. சத்திரசிகிச்சை செய்தும் சரிவரவில்லை. கை நெஞ்சு உயரத்துக்கு மேல் தானாக எழும்பாது, பாரம் பிடிக்காது என்று வைத்தியர் எழுதியிருந்தார். அதை ஏற்றுக்கொண்டால் அப்பா அந்த மெஷினடிக்குத் திரும்பப் போகத் தேவையில்லை. ஏற்காவிட்டால் கொம்யூன் என்ற நகரசபை அவரை வேலைக்கு அனுப்பும். இவ்வளவுதான் விஷயம்.

நல்ல சுத்தமான பைல். யாரும் பொய் சொல்லவில்லை, ஒரு தாளும் குறையவில்லை. நான் கண்டுபிடிப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. அதுதான் என் கவலையாக இருந்தது.

தை மாதம் முதல் தரம் வந்தேன். வெளியே பனி கொட்டியிருந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோது அப்பா கதவடியிலேயே நின்றார்.

"சுகமா இருக்கிறியளோ அங்கிள்?" என்று கேட்டேன்.

"ஓம் மகள், ஒரு குறையுமில்ல. இரிங்க, முதல்ல இரிங்க" என்றார்.

இருந்தேன். அம்மா தேத்தண்ணியைத் தட்டத்தில் கொண்டுவந்து வைத்தார். அப்பா அதில் ஒரு கப்பை எடுத்து எனக்கு நீட்டினார். வலது கையால்.

தங்கச்சி, நீங்கள் இங்கே பிறந்த பிள்ளை. டெனிஷ்காரரின் வீட்டில் இடது கையால் கப்பை நீட்டினால் அவர்கள் நன்றிக்கு ஒரு 'தக்' சொல்லி வாங்கிக் குடிப்பார்கள். எங்கள் ஆட்கள் உயிர் போனாலும் வந்தவருக்கு இடது கையால் கொடுக்கமாட்டார்கள். அப்பாவின் இடது கை வலது முழங்கைக்குக் கீழே போய் அதைத் தாங்கிக்கொண்டு வந்தது. அப்படி முழங்கையைத் தொட்டுக் கொடுப்பது மரியாதை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த மரியாதைக்குள்ளே ஒரு கை மற்றக் கையைத் தூக்கி வருகிறது என்பது பார்க்கிறவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. கப்பும் அதன் தட்டும் ஒன்றில் ஒன்று பட்டு மெல்லச் சத்தம் போட்டன. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்றைக்கு ரயிலில் திரும்பும்போது வழியில் ரண்டர்ஸ் வந்து போனதுகூட எனக்குத் தெரியவில்லை. அவ்வளவுக்கு நினைவு எங்கேயோ இருந்தது. இந்த மனிதர் மரியாதைக்காக அந்தக் கையைத் தூக்குவார். எவ்வளவு மரியாதையோ அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவார். அது எனக்கு விளங்கிவிட்டது.

உங்கள் வீட்டுச் சாமித்தட்டை நான் அன்றே கவனித்திருந்தேன். படுக்கையறைக்குப் போகிற வழியில், சுவரில், அப்பாவின் தலைக்கும் மேலான உயரத்தில். அவருடைய பெயரே மட்டக்களப்பு மாமாங்கப் பிள்ளையாரின் பெயர். ஆனால் தட்டில் முருகனும் அம்மனும்தான் இருந்தார்கள், பிள்ளையார் ஒரு சின்னக் காலண்டர் படமாக ஒட்டியிருந்தார். ஹேர்னிங்கில் ஒரு தமிழ்க்கடையில் சொல்லிவைத்து, கண்ணாடி போட்ட மாமாங்கப் பிள்ளையார் படம் ஒன்று எடுப்பித்தேன். மூன்று அளவில் இருந்தது. நடுவிலானதை எடுத்தேன். பெரியது என்றால் அம்மாவும் சேர்ந்து பிடித்திருப்பார். வீட்டில் மா நிறுக்கிற தராசில் வைத்து நிறுத்தேன். இரண்டு கிலோ முந்நூறு கிராம்.

மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தேன். ஹோர்சன்ஸில் ஒரு பிறந்தநாளுக்கு வந்தனான், அப்படியே உங்களையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன். பிறந்தநாள் உண்மைதான். அதைத் தேடிப் பிடித்துத்தான் அந்த ஞாயிறைத் தெரிவுசெய்தேன். படத்தைச் சுற்றியிருந்த தாளைப் பிரித்ததும் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கட பிள்ளையார்" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டுக் கால் கை கழுவிக்கொண்டு வந்தார்.

"நீங்களே உங்கட கையால வையுங்கோ அங்கிள். அப்பதான் எனக்கும் சந்தோஷம்" என்றேன்.

நீங்கள் கேட்டீர்களே, தமிழில் என்ன சொன்னீர்கள் என்று. இதுதான். இதைவிட வேறொன்றும் சொல்லவில்லை.

அம்மா எழுந்து, "நான் வைக்கிறன், நீங்க இரிங்க" என்றார். அப்பா தலையசைத்து வேண்டாம் என்றார். சாமிப் படத்தை இடது கையால் தூக்க முடியாது. கீழே வைக்கவும் முடியாது. கொண்டுவந்து கொடுத்தவள் முன்னால் நிற்கிறாள். வலது கையில் படத்தைப் பிடித்தார். இடது கையை முழங்கைக்குக் கீழே கொடுத்து, மெல்ல மெல்ல மேலே தள்ளினார். நெஞ்சைத் தாண்டியது, தோளைத் தாண்டியது, நெற்றியைத் தாண்டியது. படம் தட்டின் விளிம்பில் போய் நின்றது.

"அப்படியே நில்லுங்கோ அங்கிள், ஒரு போட்டோ எடுப்பம். எங்கட அம்மாவுக்குக் காட்ட."

நான் அவருடைய வலது பக்கமாகப் போய் நின்றேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இடது கை வலது கைக்குப் பின்னால் மறைந்துவிடும். முதலாவது படத்தில் முகம் இருட்டாக வந்தது. கொஞ்சம் பொறுங்கோ என்று சொல்லிவிட்டு படுக்கையறைக்குப் போகிற ஓடையின் விளக்கைப் போட்டேன். இரண்டாவதில் கண்ணாடியில் விளக்கு அடித்தது. மூன்றாவது நன்றாக வந்தது. முதல் படத்துக்கும் மூன்றாவது படத்துக்கும் இடையில் நாற்பத்தொரு விநாடி என்று தொலைபேசியில் பதிவாகியிருந்தது. நாற்பத்தொரு விநாடியும் அப்பா சிரித்துக்கொண்டே இருந்தார். சொண்டு வெளுத்துப்போய் இருந்தது. என் அம்மாவுக்கு அந்தப் படத்தைக் காட்டினேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் நான்.

படத்தை வைத்தபின் அப்பா குளியலறைக்குப் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "தோள் நோகுதோ அவருக்கு?" என்று கேட்டேன். "இல்ல மகள், அவர் அப்பிடித்தான். நீங்க தேத்தண்ணி குடிங்க" என்றார். குடித்தேன்.

நான் எழுதிய குறிப்பு உங்களிடம் இருக்கிறது. அதில் ஒரு பொய்யும் இல்லை. ‘இரண்டு கிலோ முந்நூறு கிராம் நிறையுள்ள சட்டமிட்ட படத்தை வலது கையில் பிடித்துத் தலைக்கு மேல் உயர்த்தினார். குறைந்தது நாற்பத்தொரு விநாடி அந்த நிலையில் நின்றார். நோவு பற்றி முறைப்பாடு செய்யவில்லை. வலி இருக்கிறதா என்று கேட்டபோது மனைவி இல்லை என்றார்.’ இடது கையை எழுதவில்லை. மரியாதையைப் பைலில் எழுதும் வழக்கம் இல்லை.

பங்குனியில் கொப்பன்ஹேகனில் பரீட்சை. மூன்று பேர் இருந்தார்கள். படத்தைத் திரையில் போட்டு விளக்கினேன். முன்பு அந்த வரியை எழுதியவரும் இருந்தார், தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற எலும்பு வைத்தியர், வயதான மனிதர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இந்த மனிதர் நோவைப் பொறுத்துக்கொண்டு இந்தக் கையைத்தான் பாவிக்க வேண்டும் என்பதற்கு உங்கள் பண்பாட்டில் ஏதாவது காரணம் இருக்கிறதா?"

நல்ல கேள்வி. அந்த அறையில் மனிதர்களைப் பார்க்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். நான் அவருடைய கண்ணைப் பார்த்து, "எனக்குத் தெரிந்தவரையில் இல்லை" என்றேன்.

அது பொய். இந்த விஷயம் முழுவதிலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான், தங்கச்சி. ஒரு வசனம். அதையும் கேட்டதற்குத்தான் சொன்னேன்.

பாஸ் பண்ணினேன். இங்கே சந்தோஷம் உள்ளவர்தான் கேக் கொண்டுபோக வேண்டும். நான் இரண்டு கேக் கொண்டுபோனேன். என் மேசையில் சின்னக் கொடி குத்திவைத்தார்கள். கிர்ஸ்டன் என்னைக் கட்டிப்பிடித்து, உன்னால் மட்டும்தான் இதைச் செய்திருக்க முடியும் என்றாள். அவள் என்னவோ சும்மா சொன்னாள். அது எவ்வளவு சரி என்று அவளுக்குத் தெரியாது. என் வேலையின் நல்ல பாதியை நான் அவர்களுக்குக் காட்டவே முடியவில்லை. பிள்ளையாரை ஏன் தெரிவுசெய்தேன், ஏன் நடு அளவு, ஏன் வலது பக்கம் நின்றேன் என்று விளங்கப்படுத்தினால் எல்லாம் கெட்டுவிடும். விளங்கக்கூடிய ஒருவருக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. நீங்கள் கெட்டிக்காரி. உங்களுக்கு விளங்கும்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். வைகாசியில் முடிவு வந்தது. ஆவணியில் அப்பா மெஷினடிக்குத் திரும்பினார். புரட்டாதி பதினொன்றாம் திகதி சட்டங்கள் இன்னொரு தரம் சரிந்தன. பக்கத்தில் நின்றவர் இரண்டு கையாலும் தள்ளிவிட்டு விலகினார். அப்பாவும் தள்ளப் பார்த்திருக்கிறார். அறிக்கையில் 'வலது கை எழும்பவில்லை' என்று பக்கத்தில் நின்றவர் சொல்லியிருக்கிறார். அதை நான் பல தரம் வாசித்தேன். வைத்தியர் முதலிலேயே எழுதியதுதான் அது. வைத்தியர் எழுதியது சரி என்று எனக்கும் எப்போதும் தெரியும்.

செத்தவீடு நடந்த மண்டபத்துக்கு வந்தேன். நீங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றீர்கள், என்னைக் கவனிக்கவில்லை. அம்மா என்னைக் கண்டதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க தந்த பிள்ளையாருக்கு முன்னாலதான் மகள் ஒவ்வொரு நாளும் நிண்டவர். கை சுகப்படோணும் எண்டு கும்பிட்டவர்" என்றார். எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பில்லை. என்னை அவ்வளவு நம்பிய மனிதரை நான் வேறு சந்தித்ததில்லை.

இந்தக் கடிதத்தை நீங்கள் யாரிடமாவது கொண்டுபோவீர்கள் என்று நினைக்கிறேன். கொண்டுபோங்கள். முதலில் இதை டெனிஷுக்கு மாற்ற வேண்டும். எங்கள் பிரிவில் தமிழ்த் தாள் எது வந்தாலும் என் மேசைக்குத்தான் வரும். பதினொரு வருடமாக அப்படித்தான் வருகிறது. அதனால் நான் பயப்படவில்லை.

இன்னொரு விஷயம். சான்றிதழ் முதல் தரம் ஒரு வருடத்துக்குத்தான். புதுப்பிக்க வேண்டுமென்றால் சொந்தக் கண்ணால் கண்ட இன்னொரு அவதானிப்பு வேண்டும். அப்பா இறந்ததற்கு இழப்பீடு கேட்டு அம்மா போட்ட விண்ணப்பம் இப்போது எங்களிடம் இருக்கிறது. முழங்கால் வருத்தம், நீரிழிவு, தனியாக ஒன்றும் செய்துகொள்ள முடிவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பைலை நான்தான் கேட்டு வாங்கினேன். அவரை விளங்கிக்கொள்ள என்னைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வருகிறேன். அம்மாவை ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். சொன்னாலும் கேட்கமாட்டார். என்னைக் கண்டதும் எழும்பி, குசினிக்குப் போய், தேத்தண்ணி ஊற்றி, தட்டத்தில் வைத்துத் தானே தூக்கிக்கொண்டு வருவார்.

நீங்கள் என்னில் கோபமாக இருப்பது உங்கள் எழுத்தில் தெரிகிறது. நீங்கள் இளம்பிள்ளை, போகப் போக ஆறும். அம்மாவுக்கு என்னில் ஒரு கோபமும் இல்லை. போன கிழமை தொலைபேசியில் நேராகவே கேட்டேன், என்னில் ஏதும் மனவருத்தமோ அன்ரி என்று. முதலில் நான் சாப்பிட்டேனா என்று கேட்டார். பிறகு, "சீச்சீ, அப்பிடி ஒண்டுமில்ல மகள், நீங்க வாங்க" என்றார்.

அவர் மனதில் இல்லாததைச் சொல்கிறவர் இல்லை. எனக்கு மனிதர்களைப் பார்க்கத் தெரியும்.

அன்புடன்,
சயந்தினி